நாற்பத்தொரு விநாடி

படம் வரப் பதினேழு நாள் கிடந்தது.
ஏகாம்பரம் வீதியில், பிரின்ற் கடை வாசலில்
எங்கள் பெனர் மை காய்ந்துகொண்டிருந்தது.
இருபதடி.
நாயகனின் தோளுக்கு மேலே தேனுகன் என்ற பெயர்,
நாயகனை விடப் பெரிதாய்.
நாங்கள் நடிகனுக்குப் பாலூற்றுகிற ஆக்களில்லை.

நஸ்மீர் ஓட்டோவை நடுறோட்டில் விட்டுவிட்டு
ஓடி வந்தான்.
"ஆளை மாத்திப்போட்டாங்கள்."
"ஆரை?"
"மியூசிக்க."

படம் எடுத்து, பாட்டு எடுத்து,
ஆடினவனின் வியர்வையும் காய்ந்த பிறகு.
கூரை போட்டபின் அத்திவாரத்தை மாற்றுகிற மேசனை
நான் இன்னும் காணவில்லை.

எங்களிடம் இருந்தது நாற்பத்தொரு விநாடி.
முன்னோட்டத்தில் வந்தது அவ்வளவுதான்.
ஒரு மோர்சிங், அதற்குப் பின்னால்
யாரோ தகரத்தில் தட்டுகிற மாதிரி ஒன்று.
மூதூர்ப் படகு ஜெற்றியை விட்டு விலகுமுன்
எஞ்சின் இருமுமே, அந்தத் தாளம்.
சென்னையில் இருக்கிறவருக்கு
எங்கட படகை எப்படித் தெரியும் என்று
டச்சுக்குடா மணலில் குந்தியிருந்து
ஒரு பின்னேரம் முழுக்க வாதாடினோம்.
தெரியும், அவ்வளவுதான் என்று எழும்பி
பாவாடை மண்ணைத் தட்டினாள் யதுர்சனா.

இயக்குநரோடு சண்டை என்றார்கள்.
காசு என்றார்கள்.
புது ஆள் நெவில் கிரண்
பத்தே நாளில் முழுப்படத்துக்கும் போட்டானாம்.
பத்து நாளில் எங்கள் வீட்டுக் குழாயே திருந்தாது.
பெனரைக் கொளுத்துவம் என்றான் டிலக்சன்.
முதல் எண்ணாயிரத்தைத் தந்துபோட்டுக் கொளுத்து
என்றார் கடைக்காரர்.
ஆகவே பழைய பெயருக்கு மேல்
புதுப் பெயரை ஒரு கடதாசித் துண்டில் ஒட்டி
வேலியில் கட்டினோம்.
படம் பார்ப்பதில்லை என்று சத்தியமும் செய்தோம்.

இரவு கோட்டைப் பக்கத்து மான்கள் வந்தன.
அவற்றுக்குச் சங்கீதத்தில் கட்சியில்லை, பசையில்தான்.
விடிய 'நெவில்' மட்டும் மிச்சம்.
அதற்குப் பக்கத்தில் பழைய பெயரின் 'கன்',
நக்கின ஈரத்தோடு.

முதல் நாள், முதல் காட்சி.
நான் தொப்பியோடு போனேன்.
வரிசையில் எனக்கு முன்னால்
ஹெல்மெற்றைக் கழற்றாமல் ஒருத்தி.
அவளுக்கு முன்னால் நஸ்மீர்.
ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.
டிலக்சன் ஐந்து ரிக்கற்றோடு வந்தான்,
பிரின்ற் கடைச் சுகிர்தனையும் கூட்டிக்கொண்டு.
அந்தக் கடதாசித் துண்டை வெட்டினவன் அவன்தான்.
பிறவியிலேயே காது கேளாது.

இதை மற்றவர்களுக்கு நான் சொல்லவில்லை:
மூன்றாவது பாட்டுக்கு
என் வலது கால் தானாகத் தட்டியது.
இருட்டில் அதை மற்றக் காலால் மிதித்துப் பிடித்தேன்.

வெளியே வந்து பிளேன்ரீ குடிக்கும்போது
சுகிர்தன் என் கையைப் பிடித்து
உள்ளங்கையில் விரலால் எழுதினான்.
க. ட. லே.
அந்தப் பாட்டில், கப்பலடியில் நின்று,
திரும்பத் திரும்ப அதைத்தானே சொன்னார்?

நாங்கள் கேட்ட பாட்டில் கடலே இல்லை.
காற்று இருந்தது, காதல் இருந்தது,
ஏதோ ஒரு ஊரின் பெயர் இருந்தது.
யதுர்சனா ஹெல்மெற்றைக் கழற்றினாள்.
திரும்பச் சொல்லு என்று கையைக் காட்டினாள்.
அவன் உதட்டை மட்டும் அசைத்தான்,
அந்த நடிகனைப் போலவே, தலையைச் சாய்த்து.

படத்தில் வாயை மாற்ற மறந்துவிட்டார்கள்.

அந்த நேரம் நஸ்மீரின் போன் அடித்தது.
மோர்சிங்.
பிறகு தகரம்.
மனைவிதான். பிள்ளைக்குக் காய்ச்சல்,
மருந்து வாங்கச் சொல்லியிருந்தாள்.
"எடுக்காத" என்றான் டிலக்சன்.
மேசையில் அது நடுங்கி நடுங்கி
தேத்தண்ணிக் கோப்பை வரைக்கும் ஊர்ந்து போனது.
சுகிர்தன் மேசையில் கையை வைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு நின்றது.
நஸ்மீர் திட்டு வாங்க எடுத்தான்.