நூற்றிருபது பவுண்டு

கார்டிஃப் நகரம், நான்காம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கிரேன், அதன்மேல் கடற்புறாக்கள்.
எனக்குச் சம்பளம்
இல்லை என்பதைப் பணிவாகச் சொல்வதற்கு.

கிளெனிஸ் பெவன், வயது எழுபத்து மூன்று, போர்ட் டால்பட்.
விண்ணப்பத்தில் ஆறாவது கட்டம்:
வந்து சேராத பொருளை விவரிக்கவும்.
நீல மையில் எழுதியிருந்தார்:
'ஒரு கல்.'

பிறகு எழுத்து கட்டத்தைத் தாண்டி
ஓரமெல்லாம் ஏறிப் போயிருந்தது.
சாம்பல் நிறக் கிரானைட். மூன்றடி உயரம்.
மேல்பாதியில் இஸ்லுவின் பெவன்,
உருக்காலையில் முப்பத்தொரு வருடம்.
கீழ்ப்பாதி காலியாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தேன்.
அது எனக்கு.

விலை இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது.
முன்பணம் நூற்றிருபது கிரெடிட் கார்டில்,
மீதி காசோலையாகக் கல்தச்சர் கையில்.
மார்ச்சில் அவர் கடை மூடிவிட்டது.
கதவில் திவால் நோட்டீஸ்,
முற்றத்தில் பாதி செதுக்கிய கற்கள்
எது யாருடையது என்று தெரியாமல்
மழையில்.

'இப்போது அங்கே ஒரு மரக்குச்சியும் எண்ணும்தான்.
புல் வெட்டும் பையன்
இரண்டு முறை அவர்மேல் இயந்திரத்தை ஓட்டிவிட்டான்.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.'

நான் பதில் எழுதினேன்.
அச்சில் இருக்கிற பதில்தான்,
பெயரை மாற்றினால் போதும்.
எங்கள் அட்டையில் போனது நூற்றிருபது,
ஆகவே எங்கள் பொறுப்பும் நூற்றிருபது.
மதியச் சாப்பாட்டுக்கு முன்
அப்படி இன்னும் ஒன்பது.

பதினோராம் நாள் மறுகடிதம்.
'ஐயா,
புதன்கிழமைகளில் எங்கள் நூலகத்தில்
இலவசமாக ஆலோசனை சொல்ல ஒரு பெண் உட்கார்கிறாள்.
அவள் காட்டினாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருடச் சட்டம்,
பிரிவு எழுபத்தைந்து.
பொருளின் விலை நூறைத் தாண்டி
முப்பதாயிரத்துக்குள் இருந்தால்,
அதில் ஒரு துண்டை மட்டும் உங்கள் அட்டை கொடுத்திருந்தாலும்
முழுக் கல்லுக்கும் நீங்கள் பொறுப்பு.
விற்றவரும் நீங்களும்
சேர்ந்தும் தனித்தும்.'

கடைசி இரண்டு சொல்லுக்கும் கீழே
அளவுகோல் வைத்துப் போட்ட கோடு.

'நாங்கள் கல்யாணம் செய்துகொண்டதும் அதே வருடம்தான்.
தேவாலயத்தில் கூரை ஒழுகியது.
லண்டனில் யாரோ உட்கார்ந்து
எங்களுக்காக இதையும் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று
அப்போது தெரியாது.'

சட்டம் எனக்குத் தெரியாததா?
பயிற்சியின் இரண்டாம் நாள் அதைச் சொல்லித் தந்தார்கள்.
முதல் கடிதத்தோடு
பெரும்பாலோர் ஓய்ந்துவிடுவார்கள் என்பதை
யாரும் சொல்லித் தரவில்லை.
அது தானாகவே தெரிந்துகொள்கிற பாடம்.

மேலாளர் நெரிஸ் கோப்பை நின்றபடியே புரட்டினாள்.
'கொடுத்துவிடு.
ஆம்பட்ஸ்மேனிடம் போனால் இதைவிடச் செலவு.'
வருந்துகிறோம் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்றேன்.
'அதுதான் அச்சிலேயே இருக்கிறதே.'

ஒரு பொத்தான்.
இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பதும் போயிற்று.
அச்சில் இருந்த வருத்தத்தை அழித்துவிட்டு
கையால் ஒன்று எழுதப் பார்த்தேன்.
மூன்று தாள் கசங்கியது.
கடைசியில் அச்சில் இருந்ததுதான் போனது.

ஜூனில் வேறு வேலையாக
அவர் கணக்கைத் திறக்க நேர்ந்தது.
வேண்டியதைப் பார்த்துவிட்டு மூடியிருக்க வேண்டும்.
மூடவில்லை.

அந்த மாத ஸ்டேட்மென்டில் ஒரே ஒரு வரி:
நீத் ஊரில் ஒரு கல்தச்சர்.
நூற்றிருபது பவுண்டு.

மீதியைக் காசோலையாகக் கொடுத்திருப்பார்,
இந்த முறை தெரிந்தே.