மூன்றாவது எக்ஸாஸ்ட்

என்ஜின் ஆறியபின் அளக்கவும்
என்கிறது மேனுவல்.
அதை எழுதியவர் ஆகஸ்ட் மாதம்
சல்மாபாத் பக்கம் வந்ததில்லை.

காலை நாலு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறேன்.
நேற்றைய வெயிலை இன்னும்
நெட்டி முறித்துக்கொண்டிருக்கிறது தகரக் கூரை.
இரவு முழுக்க ஏசி ஓடவிட்ட மூலையில்
பானட் திறந்து கிடக்கிறது
எழுபத்தொன்றாம் வருடத்து இத்தாலிக் கார்.
உடம்பெல்லாம் ஒரு சிவப்பு,
இடது மட்கார்டு மட்டும் வேறு சிவப்பு.

ஃபவாஸ் நேற்று விட்டுப்போனது
சாவியும் ஒரு வரியும்:
டிக் டிக் மா அபீ.
பதினேழு வருடத்தில் என் நாக்கில் ஒட்டிய அரபி கொஞ்சம்தான்.
அபீ என்றால் வேண்டும்,
மா அபீ வேண்டாம்,
பாச்சர் என்றால் நாளை. ஒர்க்‌ஷாப்புக்கு இது போதும்.

கேம் கவரைத் தூக்கியதும்
பழைய எண்ணெயின் காட்டம் மூக்கில் ஏறுகிறது.
ஸ்பேனரால் கிராங்க்கை மெல்லத் திருப்பி
கேமின் மூக்கு மேலே பார்க்கும்போது
அடியில் விடுகிறேன் ஃபில்லர் தாளை.
நுழைய வேண்டும்,
ஆனால் முணுமுணுத்துக்கொண்டே நுழைய வேண்டும்.

கராக் கப்பைச் சுற்றி எழுதிக்கொண்டே வருகிறேன்.
ஒன்று சரி. இரண்டு பரவாயில்லை.
நாலில் தாள் தொளதொளவென்று ஆடுகிறது.
நகத்தால் தடவினால் மாட்டுகிறது,
கேமின் நெற்றியில் அம்மைத் தழும்பு.
சத்தம் இங்கேதான்.
பிழைத்துக்கொள்ளும்.

மூன்றில் எதுவும் போகவில்லை.
இருப்பதிலேயே மெல்லிய தாள், சிகரெட் அட்டையின் உள்காகிதம் மாதிரி,
அதுவும் போகவில்லை.

சஜீவன் டார்ச்சோடு எட்டிப் பார்க்கிறான்.
"இதுவா? இது சத்தமே போடலியே."

ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி
வார்த்த இருக்கை.
ஈயம் போனது, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது,
இடைவெளி அடைந்தது.
இப்போது முழுசாக மூடிக்கொள்ள முடியாமல்,
சூட்டை இறக்கிவைக்க இடமும் இல்லாமல்,
அப்பளம்போல ஓரத்தில் கருகிக்கொண்டு,
ஆயிரம் கிலோமீட்டரோ இரண்டாயிரமோ,
ஒரு வார்த்தை பேசாமல் ஓடியிருக்கிறது.

ஏழரைக்கு ஃபவாஸ் வந்தார்.
எண்கள் எழுதிய கப்பைக் கையில் கொடுத்தேன்.
நாலைக் காட்டி, குட் என்றேன்.
மூன்றைக் காட்டினேன்.
இருக்கை, ஈயம், சூடு:
எதற்கும் என்னிடம் அரபி இல்லை.
இருப்பதை அடுக்கினேன்.

சைலண்ட் மா அபீ.
டிக் டிக் அபீ.
கொஞ்சம், என்று இரு விரலைக் கிட்டே வைத்துக் காட்டினேன்.

கார்? என்றார்.

பாச்சர் என்றேன், பொய்தான்,
ஹெட்டைக் கழற்ற வேண்டும், மூன்று வாரம் ஆகும்.

அவர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி
தானே மூன்றில் நுழைத்துப் பார்த்தார்.
திருப்பிப் பிடித்து மறுபடி.
பிறகு இன்னொரு பக்கமிருந்து.
வெள்ளைத் தோபின் கைமடிப்பில்
கறுப்பு எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது.
நானும் சொல்லவில்லை.