அரைப் பேர்

புதன்கிழமை, லிந்துலை ஆஸ்பத்திரி, சீனிக் கிளினிக்.
வந்ததால் இன்றைக்குப் பேர் இல்லை.
செருப்பைக் கழற்றினேன், குடையைச் சுவரில் சாய்த்தேன்.
சங்கிலி அடகில் இருந்தது, அந்தப் பாரமும் இல்லை.
எண்பத்து நாலு என்றது தராசு.

கொழுந்து மடுவத்தில் இருபத்தாறு வருசம்
தராசுக்கு முன்னால் நின்றவள் நான்.
படங்குக்கு ஒன்று, மழைத்தண்ணிக்கு ரெண்டு,
முற்றல் இலைக்கு இன்னொன்று என்று
நிறுக்கிறவர் வாயாலேயே கழித்துவிடுவார்.
பதினெட்டில் ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர்.
குறையக் கூடாது என்று அங்கே
குத்திக் குத்தி அமுக்கினேன்.
இங்கே குறைய வேண்டுமாம்.

"மிஸ்ஸி, சுவெட்டர் நனைஞ்சிருக்கு,
தண்ணிக்குக் கழிக்க மாட்டீங்களா?"

அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும்.
எண்பத்து நாலைத் தெளிவாக எழுதினாள்.
பிறகு அட்டையின் பின்பக்கம்
ஒரு பீங்கான் வரைந்து குறுக்கே கோடு போட்டாள்.
ஒரு பாதி முழுக்கக் கீரை.
மற்றப் பாதியை இன்னும் ரெண்டாக்கி
ஒரு மூலையைப் பேனையால் தட்டி
"பத், மெச்சரய்" என்றாள்.
சோறு, இவ்வளவுதான்.
சாமிக்குப் படைக்கிறதே இதைவிடக் கூட.

அன்று ராத்திரி மாப் பேணியைத் திறந்தேன்.
கை தானாக நாலு சுண்டு அள்ளியது.
நாலு எதற்கு?
சுதன் வெள்ளவத்தையில் ஹார்ட்வெயார் கடையில்.
தர்ஷி குவைத்தில் யாருடைய பிள்ளைக்கோ ஊட்டுகிறாள்.
ரெண்டு பேர் இருக்கிற காம்பராவில்
ஆறு வருசமாக எட்டு ரொட்டி சுட்டிருக்கிறேன்.
அவர் மூன்று தின்பார்.
வீணாகப் போகக் கூடாது என்று
அடுப்படியில் நின்றபடி, கட்டைச் சம்பலோடு
சுதனின் ரெண்டைத் தின்றேன்,
தர்ஷியின் ஒன்றரையைத் தின்றேன்,
அதற்குப் பிறகு என்னுடையதை.
அவர்கள் போனில் மெலிந்து மெலிந்து தெரிந்தார்கள்.

ரெண்டு சுண்டைத் திரும்பப் பேணிக்குள் கொட்டினேன்.
அதற்குத்தான் கை கொஞ்சம் நேரம் எடுத்தது.
பிசைகிற மா உள்ளங்கைக்கே காணவில்லை.
சிவலிங்கம் எட்டிப் பார்த்தார்:
"மா விலை கூடிருச்சா?"

பத்து மணித் தேத்தண்ணிதான் கஷ்டம்.
உள்ளங்கையில் சீனியை வைத்து
நக்கி நக்கிக் குடித்த ஆள்,
இப்போது வெறுங்கையை மூடிக்கொண்டு
வெறுஞ்சாயம் குடிக்கிறேன்.
அகரபத்தனைக் கலியாணத்தில்
மூன்று தரம் சோறு கேட்டு வாங்கினேன்,
பாயசத்தை எண்ணவில்லை.
ரெண்டு கிழமைக் கட்டுப்பாடு ஒரே பந்தியில் போச்சு.
மறுநாள் திரும்பவும் ரெண்டு சுண்டு.

மூன்றாம் நம்பர் மலையில் ஒரு நாள்
கெண்டைக்காலில் அட்டை.
உப்புத் துணியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குடித்தது, பருத்தது, போதும் என்று
தானாகக் கழன்று புல்லில் உருண்டது.
அதற்கு யாரும் படம் வரைந்து கொடுக்கவில்லை.
பொறாமையாக இருந்தது.

எண்பத்தொன்றே கால்.
மூன்றாம் மாதம் மிஸ்ஸி எழுதிக்கொண்டே சிரித்தாள்.
மூச்சு வாங்காமல் பீலி வரைக்கும் ஏறுகிறேன்,
முழங்கால் மட்டும் இன்னும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷி கோல் எடுத்தாள்.
"என்னம்மா, வத்திட்டீங்க? சாப்புடுறீங்களா?"
போனைத் திருப்பிக் காட்டினேன்:
வல்லாரை, ஒரு நெத்தலி, மூலையில் சோறு,
மிச்ச இடத்தில் பீங்கானின் அடியில்
இத்தனை காலம் சோற்றுக்குக் கீழே கிடந்த
ஒரு நீலப் பூ.

"புதுப் பீங்கானா?" என்றாள்.
பழசுதான் என்று சொல்வதற்குள்
லைன் போச்சு.