சூடான எஞ்சின்

பதாயரில் நான் போய் இறங்கியபோதே
எஞ்சின் சுட்டது.
"இப்பத்தான் கழுவினேன் பாய்" என்றான் குல்ஜமீன்.
கழுவினால் சுடுமா?

நாலாயிரத்து இருநூறு திர்ஹம்.
சிவப்பு குவாட் பைக், மட்கார்டில் ஒட்டிய புலி.
புலிக்கு ஒரு கண் உரிந்திருந்தது.
ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன்:
உள்ளங்கையில் ஒரு பிடி பாலைவனம்.
ஆயில் குச்சியை மோந்து பார்த்தால்
பெட்ரோல் வாடை.

வெள்ளிக்கிழமை வாடகைக்கு விடலாம், அரை மணிக்கு நூறு
என்று கிதியோன் சிகரெட் அட்டையில் போட்ட கணக்கில்
ரிப்பேருக்கு வரி இல்லை.

"ஆறட்டும். ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டு."
அவன் முகம் முதலில் ஆறியது.
டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம்.
சுலைமானி இரண்டு சுற்று.
தகரக் கொட்டகையின் நிழல்
என் செருப்பைத் தாண்டிப் போனது.

கிரேன் லைசென்ஸ் மெடிக்கல் அன்று காலை
பிரஷர் மாத்திரை இரண்டைச் சேர்த்து விழுங்கி
ஏசியில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து
அப்புறம்தான் கையை நீட்டினேன்.
நர்ஸ் ஆறட்டும் என்று சொல்லவில்லை.
குத்தினாள் முத்திரையை.

குல்ஜமீனிடம் இதைச் சொல்லவில்லை.

முதல் உதைக்கு இருமல்.
இரண்டாவதற்கு அதுவும் இல்லை.
மூன்றாவதில்
நீலப் புகையைக் கக்கிப்
பிடித்தது. பிடித்ததை விடவில்லை.

"எண்ணூறு குறை."
"அறுநூறு" என்றான், என்னைப் பார்க்காமல்.

கிதியோன் போனில் கேட்டான்:
எஞ்சின் எப்படி?
என்னைப் போல, என்றேன்.
அப்ப வேண்டாம்டா, என்றான்.

அதற்குள் பிக்கப்பில் ஏற்றிக்
கயிறு கட்டியாயிற்று.