சீட்டில் வந்த வயது

இன்று அரைமணி நேரம் நான் ஆசிரியை.
எஞ்சிய பதினோரு பேருக்கும் வயது ஐந்து.

நரின் நகரத்துக் குளிரில்
ஜன்னல் கண்ணாடி உள்பக்கமும் உறைந்துவிட்டது.
கம்பளித் தொப்பிக்குள் மடித்துப் போட்ட சீட்டுகள்;
எடுத்தவர் எடுத்ததாகவே ஆக வேண்டும்:
கடிக்கிற பிள்ளை,
நான்தான் முதல்ல என்கிற பிள்ளை,
ஒன்றுக்கு வருவதைச் சொல்ல வெட்கப்படும் பிள்ளை.
ஜிபெக்குக்குக் கடிப்பது வாய்த்தது.
மூன்று வருடம் வங்கியில் நோட்டு எண்ணியவள்
பக்கத்தில் இருந்தவளின் முழங்கையை
ருசி பார்த்தே விட்டாள்.

தோக்தோசுன் தன் சீட்டை யாருக்கும் காட்டவில்லை.
முப்பத்தெட்டு வயது.
பதினான்கு வருடம் கணவாய் தாண்டிச்
சீனத்துச் சரக்கு ஏற்றிவந்த லாரிக்காரர்.
குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால்
முழங்கால் தாடையைத் தொடுகிறது.

என் பாடம்: ஐந்து வரை எண்ணுதல்.
கருவி: ஆட்டின் கணுக்கால் எலும்பு, ஆளுக்கொரு பிடி.
பனி விலகியதும் மண்ணில் வட்டம் கிழித்து
இங்கத்துப் பிள்ளைகள் இவற்றைத்தான் சுண்டி விளையாடுவார்கள்.
நீலப் பேனாவில் எழுதிச் சிவப்பில் அடிக்கோடிட்டு
அரைமணியை உருண்டை உருண்டையாகப் பிரித்திருந்தேன்,
ரொட்டிக்கு மாவு கிள்ளி வைப்பதுபோல.

"தோக்தோசுன், அஞ்சு எலும்பு எடு பார்க்கலாம்."
பேசவில்லை.
"எண்ணு கண்ணா. ஒண்ணு..."
பேசவில்லை.
ஹாரனைத் தோற்கடிக்கும் குரல் அவருக்கு,
விடுதிப் படிக்கட்டில் கேட்டிருக்கிறேன்.
"ரெண்டு..."
மேசைமேல் வெறும் மரம்.
கடிகாரம் என் பிடரியில் மூச்சு விட்டது.
அவருக்காக நானே ஐந்து வரை எண்ணி
நானே சபாஷ் சொல்லி
நானே அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தேன்.

மணி அடித்ததும்
எல்லோரும் சட்டென்று வளர்ந்துவிட்டார்கள்.
ஒருத்தி உதட்டுச் சாயத்தைத் தேடினாள்.
ஒருவன் பட்டுவாடா ஆகாத உதவித்தொகையைத் திட்டினான்.
இனி, பிள்ளைகளாய் இருந்தவர்கள்
பாடத்தைப் பற்றிப் பேச வேண்டும்; அதுதான் முறை.
படம் இன்னும் பெரிதாக இருக்கலாம் என்றார்கள்.
குரல் இனிமை என்றார்கள்.
குறித்துக்கொண்டேன், இனிமையை இரண்டு முறை.

தோக்தோசுன் மட்டும் ஐந்து வயதிலேயே இருந்தார்.
பிறகு
மேசைக்கு அடியிலிருந்து கையை எடுத்தார்.
உள்ளங்கையில் ஐந்து எலும்புகள்,
வியர்வையில் பளபளத்து.

"முதல் தடவை கேட்டப்பவே எடுத்துட்டேன்.
நீ என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தே."

குற்றச்சாட்டு இல்லை அந்தக் குரலில்.
மேலே பனி சரிஞ்சிருக்கு, பார்த்துப் போ என்று
எதிரே வரும் வண்டிக்குச் சொல்வார்களே, அந்த மாதிரி.

சீட்டைப் பிரித்து நீட்டினார்.
பேசாத பிள்ளை, என்று மட்டும் இருந்தது.
எலும்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.
சேர்க்கை விண்ணப்பத்தில்
ஏன் இந்தப் படிப்பு என்ற கட்டத்துக்குள்
அவர் ஒரு பெயரை மட்டும் எழுதியிருந்ததாக
ஜிபெக் எப்போதோ சொன்னாள்.
யார் பெயர் என்று
அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நிஜப் பிள்ளைகள்.
இருபத்தாறு பேர், ஐம்பத்திரண்டு ஈரக் காலணிகள்.
அய்கனிஷ் என்றொரு சிறுமி வாய் திறக்கவில்லை.
எனக்குத்தான் தெரியுமே!
ஜம்பமாகக் குனிந்தேன்.

கையில் எலும்பே இல்லை.
ஒன்று காலுறைக்குள் புடைத்துக்கொண்டிருந்தது,
மற்றவை எங்கேயோ.

இதற்குச் சீட்டும் இல்லை, சிவப்புக் கோடும் இல்லை.
மேசைக்கடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
மேலே இருபத்தைந்து பேர் கத்தினார்கள்.
எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

அவள் என் காலணி நாடாவை உருவி அவிழ்த்தாள்.
பிறகு
நாக்கைத் துருத்திக்கொண்டு
திரும்பக் கட்டத் தொடங்கினாள்,
தப்பாக.