மல்லாந்த கை

கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் நகரவில்லை.
என் மடியில் துணிப்பை,
பைக்குள் யாரோ ஒருவரின் முன்கை எலும்பு இரண்டு.
ஆயிரத்து இருநூறுக்கு சீனியர் அக்கா தந்தது;
யாருடையதென்று அவளும் கேட்டதில்லை.
பக்கத்து சீட்டுக்காரர்
"புல்லாங்குழலாம்மா?" என்கிறார்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ரேடியஸ், அல்னா.
ஒன்று அசையாமல் கிடக்க
மற்றது அதன்மேல் புரண்டு குறுக்கே விழுந்தால்
கவிழ்ந்த கை.
திரும்பி வந்து பக்கத்தில் படுத்தால்
மல்லாந்த கை.
புரொனேஷன், சூப்பினேஷன் என்று
இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியே
ஒரு வருஷம் மார்க் இழந்தவள் நான்.
முன்னீர்பள்ளத்து அத்தை இன்னும் கேட்கிறாள்:
"ஏட்டி, நாலரை வருஷம் படிச்சி
கடைசில உருவி விடுத வேலையா?"

மூன்றாம் வருஷம் ஐகிரவுண்டில், எலும்புப் பிரிவு.
மெழுகு உருகும் வாசனை.
சுவரில் விரல் ஏணி,
அதன் பதினேழாம் படியில் யாரோ பேனாவால்
"போதும்" என்று எழுதியிருக்கிறார்கள்.
அதுவரை நாங்கள் அளந்ததெல்லாம்
ஒருவர் கையை ஒருவர்.
ஜெப்ரின் முழங்கை பின்பக்கம் எட்டு டிகிரி வளையும்,
அதுதான் எங்கள் வகுப்பின் அதிகபட்ச அதிசயம்.

அப்புறம் மைதீன் பாத்து வந்தார்.
மேலப்பாளையம், நாற்பத்தாறு வயது, பீடி சுற்றுபவர்.
ஈரத் தரையில் வழுக்கிக் கையூன்றியதில்
வலது மணிக்கட்டு.
ஆறு வாரம் மாவுக்கட்டு.
பிரித்தபோது வேறு யார் கையோ இருந்தது என்றார்.

முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து
என் பேனாவை முஷ்டியில் பிடிக்கக் கொடுத்து
கோனியாமீட்டரை விரித்தேன்.
நட்டமாக நின்ற பேனா
வெளிப்புறம் சாய வேண்டும்.
சாய்ந்தது. முப்பது.
துருப்பிடித்த நாதாங்கி மாதிரி அங்கேயே நின்றது.
உடம்பைச் சரித்து ஏமாற்றப் பார்த்தார்.
"தோள் வேண்டாம்மா."
"அது கூட கண்டுபிடிச்சிருவியா?" என்று சிரித்தார்.

கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் உண்டு:
நோயாளியின் எதிர்பார்ப்பு.
பீடி என்று நானே எழுதப் போனேன்.
"பீடிக்கு கவுந்த கை போதும் புள்ள.
ஆயிரம் சுத்துன எடத்துல நானூறு சுத்துதேன்,
அது வந்துரும்.
துஆ கேக்கும்போதுதான்..."

இடது கையை ஏந்திக் காட்டினார், கிண்ணம்போல.
வலது கை அதன் பக்கத்தில் வந்து
சரிந்து நின்றது.
"கேக்கதெல்லாம் இந்தப் பக்கமா
வழிஞ்சு போறாப்ல இருக்கு."

கட்டத்தில் ஒரு விரற்கடைதான் இடம்.
"உள்ளங்கையில் சில்லறை வாங்க" என்று
புத்தகத்தில் உள்ளதை எழுதினேன்.

பிறகு தினமும் சூடான மெழுகு,
அதன்பின் ரேடியஸ் நுனியில் என் பெருவிரல்
முன்னும் பின்னும்,
கண்ணுக்குத் தெரியாத அசைவு.
வலிக்கும்போது அவர் மூத்த மருமகனைத் திட்டுவார்.
வீட்டில் சுத்தியலைப் பிடித்துச் சாய்க்கச் சொன்னேன்;
சுத்தியல் இல்லையாம், தோசைத்திருப்பி.
பத்தாம் நாள் நாற்பத்தைந்து.
பதினோராம் நாள் மறுபடி நாற்பது.
மருமகனுக்கு அன்று கூடுதலாகக் கிடைத்தது.

செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளியூர்க்காரர் கேட்டார்,
சூப்பினேஷன் எதற்கெல்லாம் வேண்டும்?
சாவி திருப்ப. முகம் கழுவ.
கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக.
"வேறே?"
வாய்வரை வந்தது.
சில்லறை வாங்க, என்றேன்.
தலையாட்டிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

எழுபது தொட்ட மறுநாள் மைதீன் பாத்து வரவில்லை.
அதற்கு மறுநாளும்.
போன் எடுத்த மகள்
"உம்மா பீடி ஒப்படைக்கப் போயிருக்கு" என்றாள்.
இன்னும் பதினைந்து பாக்கி இருந்தது.
எழுபதில் ஒரு கை எவ்வளவு தாங்கும் என்று
எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

ராத்திரி ஹாஸ்டலில்
ஜெப்ரினை கோனியாமீட்டரோடு உட்காரவைத்து
என் வலக்கையை எழுபதில் நிறுத்தி
உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.
கொஞ்சம் வழிந்தது.
கொஞ்சம் நின்றது.
"மெத்தை நனையுது, லூசு" என்றாள்.