எட்டு நொடி

எடைமேடையில் என் வேலை
தண்ணீரைக் கண்டுபிடிப்பது.

லாரி வந்து நிற்கும். மரச்சில்லுக் குவியலுக்குள்
முழங்கை வரை கை விடுவேன்.
ஒரு வாளி அள்ளி, அடுப்பில் உலர்த்தி,
மறுபடி நிறுப்பேன்.
குறைந்ததெல்லாம் பனி, மழை, ஏரி.
அதற்கு நாங்கள் காசு தருவதில்லை.

பின்லாந்தின் கிழக்கோரம்.
எங்கள் ஊருக்கு ஏரி நான்கு, கொதிகலன் ஒன்று.
அதற்கு வருவதெல்லாம் வேண்டாமென்று ஆனவை:
அறுவை ஆலையின் பட்டை,
முதுகொடிந்த சரக்குப் பலகை,
கோழிக்கொட்டகையின் கூரைச் சட்டம்.
ஒருமுறை, இழுத்து மூடிய நாடகக் கொட்டகையின்
மேடை முழுவதும் வந்தது.
காந்தம் அதிலிருந்து மூன்று வாளி ஆணி பிடுங்கியது.
பெயின்ட் அடித்ததைத் திருப்பி அனுப்புவோம்,
பச்சை மருந்து ஏறிய தோட்டப் பலகையையும்.
புகைபோக்கி எங்களுடையது,
மூச்சு ஊருடையது.

ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
வெய்யோ கார்ப்பினென் ஒரு படகை இழுத்து வந்தார்.
"மாமனார் விட்டுப்போனது.
முப்பது வருஷம் ஒழுகியது.
ஒருநாள்கூட என்னை
உலர்ந்த கால்சட்டையோடு கரை சேர்த்ததில்லை.
எரியட்டும்."

நகத்தால் சுரண்டினேன். தார்.
முடியாது என்றேன்.
"மரம்தானே?"
"மரம்தான். தார் குடித்த மரம்.
தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு உலை,
அதற்குத்தான் உரிமம்."

என்னைப் பார்த்தார். படகைப் பார்த்தார்.
வண்டியிலிருந்து ரம்பத்தை எடுத்தார்.

தார் படாத இருக்கைப் பலகை இரண்டு,
துடுப்பு இரண்டு.
கைத்தராசில் பதினொரு கிலோ.
மேடை இருபதுக்குக் கீழே எண்ணாது.
பூஜ்யம் என்று அச்சான ரசீதை
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதிய ரொட்டியோடு கணக்குப் போட்டேன்.
பதினொரு கிலோ, நன்றாய் உலர்ந்த பைன்:
எங்கள் கொதிகலனின் பசிக்கு
எட்டு நொடி.

எட்டு நொடி, முழு ஊருக்கும்.
பிரசவ அறைக்கு, நீச்சல் குளத்துக்கு,
அடியில் குழாய் ஓடுவதால் பனி தங்காத நடைபாதையில்
வயிற்றைப் பரப்பிக் கிடக்கும் பூனைக்கு,
கட்டணம் அநியாயம் என்று
மாதாமாதம் கடிதம் எழுதும்
கார்ப்பினென் வீட்டுக்கும்.

கழிவு என்கிறது வாசல் பலகை.
புதுப்பிக்கத்தக்கது என்றும் சொல்கிறது.
திருப்பித் தருகிறேன் என்றுதான்
எல்லாக் கடனும் தொடங்குகிறது;
ஒரு பைன் நிமிர அறுபது வருஷம்.
இதை நான் எனக்கு மட்டும் சொல்லிக்கொள்வேன்.
குளிர் விரலைக் கடிக்கும் நாட்களில்
அதுவும் இல்லை.

மறுநாள் தொலைபேசி.
"எரிந்துவிட்டதா?"
"எரிந்துவிட்டது."
"எத்தனை மணிக்கு?"
எந்தச் சில்லு எப்போது போனதென்று யார் கண்டது.
"மூன்று இருக்கும்."
"மூன்று பத்துக்கு
ரேடியேட்டர் கொஞ்சம் கூடுதலாய்ச் சுட்டது.
கை வைத்தபடியேதான் இருந்தேன்."

எங்கள் வெந்நீர் அவர் தெருவைத் தொட
இரண்டு மணி நேரம் ஆகும்.

சொல்லவில்லை.
மேடையில் அடுத்த லாரி ஏறிவிட்டது.
பட்டை. அதன்மேல் ஒரு முழம் பனி.
கையுறையைக் கழற்றினேன்.